"தனியாவா வந்தீங்க?"

"வீட்ல ஏதாவது பிரச்சனையாம்மா?"

தனியாக மலை ஏறப் போகிற பெண்ணிடம் எங்கள் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் முதலில் கேட்பது இதைத்தான். ஊர் பேர் கேட்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

வீட்டில் ஒரு பிரச்சனையும் இல்லை. அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர் நான், வயது நாற்பதைத் தாண்டியாச்சு. கணவருக்கு நாலு படி ஏறினாலே முட்டி பிடித்துக்கொள்ளும். பையனுக்கு சிக்னல் கிடைக்காத இடம் ஆகாது. எனக்கு மலை பிடிக்கும். அரையாண்டு விடுமுறை வந்தது, ஸ்கூட்டரை எடுத்தேன், கிளம்பிவிட்டேன். இமயமலை ஏறினோம், கோகர்ணாவில் கடலோரமாகவே நடந்தோம் என்று மற்றவர்கள் எழுதுவதைப் படிக்க ஆசையாகத்தான் இருக்கிறது. எங்கள் மாவட்டத்துக்குக் கடல் கிடையாது. இருக்கிற கரை காவிரிக்கரை. அதுவரைக்கும் மேலகிரி மலை வழியாகப் போய், அந்தப் பக்கம் அரூர் மலைகளையும் பார்த்துவிட்டு வந்தேன். வழியில் பார்த்த இடங்களைவிட, இந்தக் கேள்வியை ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு விதமாகக் கேட்ட ஆட்களைப் பற்றித்தான் எழுதத் தோன்றுகிறது.

கிளம்பும்போது பள்ளித் தோழிகள் ஒரு உபாயம் சொல்லிக் கொடுத்தார்கள். யார் கேட்டாலும் "வீட்டுக்காரர் பின்னாடி வண்டியில வர்றார்" என்று சொல்லிவிட வேண்டுமாம். சென்னையில் எடுபடலாம். நம்ம ஊரில் சொன்னால் டீக்கடை அக்கா அவருக்கும் சேர்த்து டீ போட்டு மூடி வைத்துவிட்டு, வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் எல்லாரிடமும் உள்ளதை உள்ளபடியே சொன்னேன்.

பாலக்கோடு வழியாக முதலில் ராயக்கோட்டை. தக்காளி மண்டியில் லாரிகள் கிளம்பிக்கொண்டிருந்த நேரத்தில் மலையடிவாரத்தில் வண்டியை நிறுத்தினேன். பாறையில் வெட்டிய படிகள், இடிந்த கோட்டை வாசல்கள், இரண்டு பக்கமும் உண்ணிச்செடிப் புதர். பத்து நிமிடம் ஏறியிருப்பேன், பின்னால் மணிச்சத்தம். ஒரு தாத்தா ஆடு ஓட்டிக்கொண்டு வந்தார். நான் நின்றால் ஆடும் நின்றது, அவரும் நின்றார். ஏறினால் ஏறினார். மேலே ஏதோ நல்ல மேய்ச்சல் இருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன். உச்சியில் பாறைச் சுனைக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்ததும், இருபது அடி தள்ளி அவரும் உட்கார்ந்தார். கீழே சேலம் போகிற ரயில் பாதை ஒரு கோடாகத் தெரிந்தது. ஆடுகள் வெறும் பாறையை முகர்ந்துகொண்டிருந்தன. அங்கே மேய ஒரு புல் கிடையாது.

"தனியா வந்தியாம்மா?"

"ஆமாங்க தாத்தா. சும்மா பாக்கலாம்னு."

"வூட்ல சண்டையா?"

"இல்லீங்க."

"பசங்க இருக்காங்களா?"

"ஒரு பையன். பத்தாவது படிக்கிறான்."

"அப்ப பரீட்சை வருது. கெளம்பலாமா?"

அப்போதுதான் புரிந்தது, அவர் ஆடு மேய்க்க வரவில்லை, என்னைக் காவல் காக்க வந்திருக்கிறார். இறங்கும்போது கேட்டேன். "மேல ஏறுறவங்க எல்லாரும் எறங்குறதில்லம்மா" என்றார். அதற்கு மேல் விவரம் நான் கேட்கவில்லை. பையிலிருந்து பிளாஸ்டிக் பாட்டிலை எடுத்து நீட்டினார். "குடி, ஒகேனக்கல் தண்ணிதான், போர் தண்ணி இல்ல." வெளியூர்க்காரர்களுக்கு இதன் அர்த்தம் தெரியாது. எங்கள் இரண்டு மாவட்டங்களிலும் பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். அதைக் குடித்தே வளர்ந்த தலைமுறையின் பல்லில் காவிக் கோடு விழுந்திருக்கும், தாத்தாவின் பல்லிலும் இருந்தது. 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்த பிறகு, விருந்தாளிக்குத் தண்ணீர் கொடுக்கும்போது அது எந்தத் தண்ணீர் என்று சொல்லிக் கொடுப்பது ஒரு மரியாதையாகிவிட்டது.

கோட்டையைப் பற்றிக் கேட்டால் அவருக்கு எல்லாமே திப்பு கட்டியதுதான். ஜெகதேவராயர் ஆண்ட பாராமகாலின் (எங்கள் சீமையின் பழைய பெயர்) பன்னிரண்டு கோட்டைகள் என்ற கதையெல்லாம் அவரிடம் எடுபடவில்லை. மூன்றாம் மைசூர்ப் போரில், 1791இல், இங்கிலீஷ்காரர்கள் இதைப் பிடித்தார்கள். மறு ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையோடு இந்தச் சீமையே கம்பெனி கைக்குப் போனது. அப்படி வரி வசூல் பண்ண வந்தவர்களில் ஒருவர்தான் பின்னாளில் சென்னை கவர்னரான தாமஸ் மன்றோ. இதைச் சொன்னதும், "மன்றோவுக்கும் இவ்ளோ செங்குத்தா ஏறத் தெம்பு இருந்துச்சா?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை.

அன்று இரவு தங்க வேண்டியிருந்த ஊரில் ஒரு லாட்ஜில், ஆதார் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "சிங்கிள் லேடீஸுக்கு ரூம் தர்றதில்ல மேடம்" என்றார்கள். காரணம் கேட்டால் "ஓனர் சொல்லியிருக்கார்". ஓனருக்கு போன் போடச் சொன்னால் அவர் எடுக்கவில்லை. மலையில் தாத்தா கேட்டதும் இதே கேள்விதான் என்று இதைக் கணக்கில் சேர்க்க மாட்டேன். அவர் ஒரு மணி நேரம் ஆடுகளைப் பட்டினி போட்டு என்னோடு ஏறினார். இவர்கள் இருட்டிய நேரத்தில் ஒரு பெண்ணை ரோட்டுக்கு அனுப்புகிறார்கள், கேட்டால் பாதுகாப்பு என்கிறார்கள்.

கெலமங்கலத்தில் கூட வேலை பார்க்கும் டீச்சரின் அக்கா வீடு இருந்தது, தப்பித்தேன். வீட்டுக்குள் தெலுங்கு, பக்கத்து வீட்டோடு கன்னடம், என்னோடு தமிழ். ஓசூர்ப் பக்கம் இது ஒரு அதிசயமே இல்லை. கேழ்வரகுக் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் போட்டார்கள். மார்கழிப் பனியில் விளைகிற அவரைக்கு ஒரு வாசம் உண்டு, கையைக் கழுவினாலும் காலை வரை விரலிலேயே இருக்கும். அந்தக் குழம்புக்காக மட்டுமே டிசம்பரில் அந்தப் பக்கம் போகலாம்.

மலைக்குத் தனியாகப் போகிறேன் என்று கிளம்புகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். காட்டுக்குள் தனி ஆளாக நடக்க அனுமதி கிடையாது. 2018 மார்ச்சில் தேனிப் பக்கம் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இறந்த பிறகு மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை ஆன்லைன் பதிவோடு நாற்பது பாதைகளைத் திறந்தது. கிருஷ்ணகிரி மாவட்டமும் அதில் உண்டு. நான் தேன்கனிக்கோட்டைக்கு அந்தப் பக்கம் அய்யூரிலிருந்து சாமி ஏரி வரைக்கும் நடந்தேன். தனியாகப் போனேன் என்று பெயர்தான், கூடவே வழிகாட்டித் தம்பி ஒருவர், மலைக்கிராமத்துப் பையன். அவர் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை, பாதி வழி வரைக்கும் எதையுமே பேசவில்லை. சட்டென்று ஒரு மரத்தடியில் நின்றார். அடிமரத்தில் காய்ந்த சேறு அப்பியிருந்தது, ஏதோ பூச்சுவேலை மாதிரி, என் தலைக்கு மேலே ஒரு முழம் உயரம் வரைக்கும். அதில் நாலைந்து முரட்டு மயிர் ஒட்டிக்கொண்டிருந்தது. யானை சேற்றில் புரண்டுவிட்டு வந்து முதுகு தேய்த்த இடம். விரலால் சேற்றைச் சுரண்டிப் பார்த்து, "நேத்து இல்ல, முந்தா நாள்" என்றார். எனக்குப் பசங்களின் விடைத்தாளைப் பார்த்து இது யாரைப் பார்த்து எழுதியது என்று சொல்ல வரும். அந்தத் திறமைக்கு மேல் இது.

பெங்களூருப் பக்கத்து பன்னார்கட்டா காட்டிலிருந்து ஜவளகிரி வழியாக ஐப்பசி, கார்த்திகையில் யானைக் கூட்டம் இந்தப் பக்கம் இறங்குகிறது. அது கேழ்வரகு பால் பிடிக்கிற நேரம். வயலில் பரண் கட்டி, டின் தட்டி, பட்டாசு கொளுத்தி, ராத்திரி முழுக்கக் குடியானவர்கள் முழித்திருப்பார்கள். இந்தக் காட்டை 2014இல் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயமாகவும், ஒட்டியிருக்கும் காட்டை 2022இல் காவிரி தெற்கு சரணாலயமாகவும் அறிவித்தார்கள். வரைபடத்தில் பச்சை நிறமாகத் தெரிகிற அந்த இடத்தின் ஓரத்தில்தான் நான் அடுத்த நாள் வண்டி ஓட்டினேன்.

அஞ்செட்டியில் டீ குடிக்க நிறுத்தினேன். மணி மூன்றை நெருங்கிக்கொண்டிருந்தது. கல்லாவில் இருந்தவர் வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வண்டிக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார்.

"ஒகேனக்கல்லா? தனியாவா?"

"ஆமாண்ணா."

"இப்பவே கெளம்புங்க. டீ ஆற வேணாம். அஞ்சு மணிக்குள்ள காட்டத் தாண்டிடணும். ரோட்ல யானை லத்தி கெடந்தா கிட்டப் போயி வேடிக்கை பாக்காதீங்க. அதுலேர்ந்து ஆவி வந்தா திரும்பிடுங்க. ஹாரன் அடிக்காதீங்க. வளைவுல மெதுவா போங்க, இன்ஜின ஆஃப் பண்ணாதீங்க."

சொல்லிக்கொண்டே போனை எடுத்து யாருக்கோ அடித்தார். "நாட்றாம்பாளையமா? ஒரு டீச்சரம்மா வர்றாங்க. ஊதா கலரு ஸ்கூட்டி. தனியா. வந்ததும் எனக்கு ஒரு போன் போடு." நான் டீச்சர் என்று அவரிடம் சொல்லவே இல்லை. எப்படித் தெரிந்தது என்றதற்கு, "கிளாஸ வெச்சுட்டு சில்லறைய எண்ணுனீங்களே" என்றார்.

அந்த ரோட்டில் சிக்னல் வரும் போகும். பெட்ரோலை தேன்கனிக்கோட்டையிலேயே நிரப்பிக்கொண்டு வந்துவிடுங்கள், வழியில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். இரண்டு பக்கமும் காய்ந்த காடு, மூங்கில், நடுவில் திடீரென்று ஒரு கேழ்வரகு வயல், அதன் மேல் ஆளில்லாத பரண். ஓர் இடத்தில் லத்தி கிடந்தது. ஆவி வரவில்லை, ஆனால் ஈரம் இருந்தது. கேழ்வரகுத் தாள் செரிக்காமல் அப்படியே நீட்டிக்கொண்டிருந்தது. யாரோ ஒருவருடைய ஆறு மாத உழைப்பு அது. யானையைப் பார்த்தேனா என்றால், இல்லை. வாசம் மட்டும் இரண்டு வளைவுகளுக்குக் கூடவே வந்தது.

நாட்றாம்பாளையத்தில் மளிகைக்கடை வாசலில் ஒருவர் கையை ஆட்டி நிறுத்தினார். "நீங்கதான அந்த டீச்சர்?" அங்கிருந்து அஞ்செட்டிக்கு ஒரு போன், ஒகேனக்கல்லில் அவருடைய மச்சானுக்கு ஒரு போன். காசு கொடுத்து வாங்க ஏதாவது இருக்கிறதா என்று பார்த்து ஒரு பாக்கெட் பிஸ்கட் வாங்கினேன், அதற்கும் மீதிச் சில்லறையைச் சரியாக எண்ணிக் கொடுத்தார். வளைவுகளில் இறங்கி ஒகேனக்கல் போய்ச் சேர்ந்ததும் மச்சான் கூப்பிட்டார். "வந்துட்டீங்களா? சரி, சரி" என்று சொல்லி வைத்துவிட்டார். அவரை நேரில் நான் பார்க்கவே இல்லை.

ஒகேனக்கல்லில் அதே கேள்வி வியாபாரக் கணக்காக மாறிவிடுகிறது. பரிசல் துறையில் "எத்தன பேரு?" என்றார்கள். ஒருத்தி என்றேன். ஒரு பரிசலுக்கு நாலு பேர் கணக்கு, ஒரு ஆளுக்காகப் பரிசல் எடுத்தால் முழுக் காசும் நான்தான் கொடுக்க வேண்டும். அங்கே பேரம் பேசிக்கொண்டிருந்த திருப்பத்தூர்க் குடும்பம் ஒன்றில் மூன்று பேர் இருந்தார்கள். பரிசல்காரர் இரண்டு பக்கமும் பார்த்து, "இந்தக்காவையும் சேத்துக்கோங்க, உங்களுக்கும் லாபம்" என்று முடித்துவிட்டார். அந்த வீட்டுப் பாட்டி தண்ணீர் தெறிக்கும்போதெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டார். முன்னெல்லாம் மூங்கில் பின்னலுக்குத் தோல் போர்த்துவார்கள். இப்போது பிளாஸ்டிக் தாளும் தாரும். அருவிக்குக் கீழே பாறை இடுக்கில் பரிசல்காரர் துடுப்பால் ஒரு சுற்று சுற்றிவிட்டார், பாட்டி எனக்குத் தெரிந்த சாமி, தெரியாத சாமி எல்லாரையும் கூப்பிட்டுவிட்டார். இன்னொன்று, கர்நாடக அணைகளில் தண்ணீர் திறந்து நீர்வரத்து கூடினால் பரிசலையும் குளியலையும் மாவட்ட நிர்வாகம் நிறுத்திவிடும். மாநில எல்லையில் பிலிகுண்டுலுவில் அளக்கிற கன அடிக் கணக்கு செய்தியில் வரும், கிளம்புமுன் பார்த்துவிடுங்கள்.

மீன் சாப்பிடுவதிலும் தனி ஆளுக்குச் சிக்கல். கடையில் மீனை நாம் வாங்கிக் கொடுக்க வேண்டும், சமைக்கிற அக்காமார் கூலிக்கு மசாலா போட்டு வறுத்தும் குழம்பு வைத்தும் தருவார்கள். ஒரு ஆள் சாப்பிடும் அளவுக்கு ஒரு சின்ன ஜிலேபி மீனைத் தூக்கிக்கொண்டு போனால், "இதுக்கு அடுப்புப் பத்தவெச்சா வெறகுக்கே பத்தாது" என்றார் ஒரு அக்கா. சொன்னவர் மீனை வாங்கி, வேறொரு கும்பலுக்கு வைத்துக்கொண்டிருந்த குழம்புக்குப் பக்கத்திலேயே கல்லில் போட்டார். அந்தக் கும்பலின் குழம்பில் ஒரு கரண்டியும் என் இலைக்கு வந்தது. அவர்களைக் கேட்டு ஊற்றினாரா என்று எனக்குத் தெரியாது.

பென்னாகரம் வழியாக வீட்டுக்கு வந்து துணி மாற்றிக்கொண்டு அரூர்ப் பக்கம் போனேன். தீர்த்தமலையைப் பற்றி நீட்டி எழுத ஒன்றும் இல்லை. படியேறி, பாறை உச்சியிலிருந்து விழுகிற ராமர் தீர்த்தத்தில் தலையைக் காட்டிவிட்டு வந்தேன். கோயிலுக்குத் தனியாகப் போகிற பெண்ணை யாரும் ஒன்றும் கேட்பதில்லை. வேண்டுதல் என்று அவர்களே எடுத்துக்கொள்கிறார்கள். குரங்குகளுக்கு மட்டும் என் பையின் மேல் சந்தேகம் இருந்தது.

சித்தேரி மலைக்குப் போகும்போது அடிவாரத்துப் பக்கம் வாச்சாத்தி இருக்கிறது. பலகையில் பெயரைப் பார்த்ததும் கால் தானாக பிரேக்கை மிதித்துவிட்டது. 1992 ஜூன் 20, சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் அந்த ஊருக்குள் போன நாள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள், வீடுகள் சூறையாடப்பட்டன. 269 அரசு ஊழியர்கள் மேல் வழக்கு. 2011இல் தருமபுரி நீதிமன்றம் அதில் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றது, 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. வழியெல்லாம் என்னிடம் தனியாவா, தனியாவா என்று கேட்டார்களே. அந்தப் பெண்கள் யாரும் தனியாக இருக்கவில்லை. சொந்த ஊரில், சொந்த சனத்தோடு இருந்தார்கள். ஊருக்குள் நான் போகவில்லை. வேடிக்கை பார்க்கப் போகிற இடமில்லை அது.

சித்தேரி ஏற்றத்தில் ஒரு ஆயா கையைக் காட்டினார். ரேஷன் அரிசி மூட்டை தலையில் இருந்தது. மூட்டையைக் கால் வைக்கிற இடத்தில் வைத்துவிட்டு, பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்தார். எடை இல்லாத உடம்பு. நான் வழக்கமான கேள்விக்குப் பதிலைத் தயாராக வைத்திருந்தேன். அவர் கேட்டது வேறு.

"இந்த வண்டி லிட்டருக்கு எவ்ளோ குடுக்குது?"

"நாப்பத்தஞ்சு குடுக்கும் ஆயா. மலையில கொறையும்."

"மேட்டுல மொனகுதே. கியர் இல்லியா?"

"இல்ல ஆயா."

"என் பேரன் கியர் வண்டி வெச்சிருக்கான். அது மொனகாது."

ஊர் போகும் வரைக்கும் வண்டியைப் பற்றித்தான் பேச்சு. நான் தனியாக வந்திருப்பது அவருக்கு ஒரு விஷயமாகவே படவில்லை. விறகுக்கு, ரேஷனுக்கு, கீழே ஆஸ்பத்திரிக்கு என்று அவர் வாழ்நாள் முழுக்க அந்த மலையில் தனியாக ஏறி இறங்கியவர். கோயிலை விட்டுவிட்டால், நான் போன வழியில் இரண்டு மாவட்டத்திலும் அந்தக் கேள்வி கேட்காத ஊர் சித்தேரி ஒன்றுதான். அவர் வீட்டில் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் சாப்பிட்டேன். காசு கொடுக்கப் போனால் முறைத்தார். அதற்குப் பதிலாக, இறங்கும்போது அரூர் வரை அவருடைய பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூட்டிப்போகச் சொன்னார், அந்தப் பெண்ணும் வழி முழுக்க மைலேஜ் கேட்டது.

தனியாகப் போகும் பெண்களுக்கு உண்மையான தொந்தரவு எது என்று யாராவது கேட்டால், யானையும் இல்லை, ஆண்களும் இல்லை, கழிப்பறை. சுற்றுலாத்தலம் ஒன்றில் புதிதாகக் கட்டியிருந்த கழிப்பறைக்கு பளபளவென்று பூட்டு. சாவி வைத்திருப்பவர் சாப்பிடப் போயிருந்தார், எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. பெட்ரோல் பங்குகள் எங்கே இருக்கின்றன என்று முன்னாலேயே குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் கேட்டால் சாவி கொடுத்துவிடுகிறார்கள். மலைக்கிராமங்களில் எந்த வீட்டுக் கதவையும் தட்டலாம், அக்கா என்று கூப்பிட்டால் போதும்.

கோடை விடுமுறைக்கு பெட்டமுகிலாளம் போகலாம் என்று இருக்கிறேன். மேலே குளிராக இருக்கும் என்கிறார்கள், தேன்கனிக்கோட்டையிலிருந்து பஸ் போகிறதாம். இரவு தங்க ஏதாவது வீடு கிடைக்குமா, கியர் இல்லாத வண்டி அந்த ஏற்றத்தில் ஏறுமா என்று போய் வந்தவர்கள் சொல்லுங்கள். லாட்ஜ் பேர் சொல்பவர்கள், அங்கே தனிப் பெண்ணுக்கு ரூம் கொடுப்பார்களா என்று முதலில் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.